முதல் பஸ்ஸில் இறங்கி, இருட்டும் முன் மலையேற: கோவையில் ஒரே நாளில் கல்யாணத் துணியும் சாப்பாடும்

கோவைக்காரருக்குக் கடைவீதி என்பது மாலை நடை. எடுத்த சேலை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லையா, மறுநாள் போய் மாற்றிக்கொள்வார். மலையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஊட்டியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ இறங்கி, துணி எடுத்து, சாப்பிட்டு, திரும்ப ஏறினால் பொழுது முழுவதும் தீர்ந்துபோகும். ஒரு ரவிக்கைத் துணியை மாற்ற இன்னொரு நாள், இன்னொரு நாள் கூலி, இன்னொரு முறை 14 கொண்டை ஊசி வளைவு.

மூத்தவள் கல்யாணத்துக்கு நான் நான்கு முறை கோவைக்கு இறங்கினேன். இளையவள் கல்யாணத்துக்கு ஒரே முறை. இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். நடுவில் நான் கற்றுக்கொண்டதை, நாளை மறுபடி வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கிழமை பார்ப்பது

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். மலைக்காரருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது ராகு காலம் பார்க்காத வீடு குறைவு. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று இறங்கினால், கடை வாசலை மிதிக்கும் நேரம் சரியாக 10.30, ராகு காலம் தொடங்கிவிடும். 12 மணி வரை வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். திங்களன்று ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அப்போது நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள். புதனன்று 12 முதல் 1.30 வரை. அது சாப்பாட்டு நேரம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. என் மாமியாருக்கு உண்டு, பட்டுக்குப் பணம் கொடுத்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். திருப்பூர், பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றுவட்டாரமே அன்று கடைவீதியில் நிற்கும். மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்தன்று டவுன்ஹால் பக்கமே போக வேண்டாம். ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி எல்லாம் தேருக்கு உரியவை. ஜவுளிக்கு வந்தவருக்கு நிற்க இடம் இருக்காது.

தீபாவளித் துணியை ஐப்பசி வரை தள்ளிப்போடுவது மலையில் ஆபத்து. குன்னூர்ச் சரிவுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் பாதி வழியில் உட்கார்ந்திருக்க நேரும். மலை ரயிலும் அந்த நாட்களில் அடிக்கடி நின்றுவிடும். ஆடித் தள்ளுபடியின்போது குன்னூர்ப் பாதை அவ்வளவு மோசமில்லை. அப்போது மழையில் மாட்டிக்கொள்வது கூடலூர்ப் பக்கம். தள்ளுபடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் வேட்டி, சட்டை, நைட்டி, படுக்கை விரிப்பு, சீர் கொடுக்கும் சாதாரணச் சேலை எடுப்பது லாபம். முகூர்த்தப் பட்டு ஆடிக் கூட்டத்தில் எடுக்கும் பொருளல்ல. நிதானமாக விரித்துக் காட்ட அன்று எந்த விற்பனையாளருக்கும் நேரம் இருக்காது.

இறங்கும் முன் எழுதுவது

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆட்கள்: சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடு, நாத்தனார், கொழுந்தன், வீட்டு வேலைக்கு உதவுகிறவர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சேலையா, வேட்டி சட்டையா, எவ்வளவு ரூபாய்க்குள் என்று எழுதுங்கள். தொகையை மலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கடையின் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்து, கையில் ஒரு குளிர்பானத்தையும் கொடுத்துவிட்டால், யார் கணக்கும் தப்பும்.

இரண்டாம் பக்கத்தில் அளவுகள். உடன் வராத ஆண்களின் சட்டை அளவு, குழந்தைகளின் உயரம், யாருக்கு நாலு முழம், யாருக்கு எட்டு முழம். அளவு ரவிக்கை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் சேலைக்கு ரவிக்கை எடுப்பதானால் அந்தச் சேலையையே கொண்டுபோக வேண்டும். கைப்பேசிப் படத்தை வைத்து நிறம் பொருத்தியவர்கள் யாரும் சந்தோஷமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை.

உடுத்துவது மெல்லிய பருத்தி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், கோவை 411 மீட்டர். காலையில் ஸ்வெட்டரோடு ஏறியவர் மேட்டுப்பாளையத்தில் அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். சுருட்டி வைக்க ஒரு பையும், வாங்கும் துணிக்கு இரண்டு பெரிய துணிப் பைகளும் வேண்டும். பைக்கு வேறு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இறங்குவது

ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 86 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஆகும், குன்னூர்க்காரருக்கு அதைவிடக் குறைவு. 6 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மலை ரயிலை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். அது பார்க்கப் போகிறவர்களுக்கு, வாங்கப் போகிறவர்களுக்கு அல்ல.

நேர் பஸ்ஸில் போனால் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் புதிய பஸ் நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் டவுன் பஸ் உண்டு. ஆனால் துடியலூரிலிருந்து கவுண்டம்பாளையம் வரை காலை நெரிசல் ஆளைச் சோதிக்கும். எனக்குப் பிடித்த வழி வேறு. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து, கோவை போகும் உள்ளூர் ரயிலைப் பிடிப்பது. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் கோவை சந்திப்பில் விட்டுவிடும். அங்கிருந்து டவுன்ஹால் நடக்கும் தூரம்தான். ரயில் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். அதைத் தவறவிட்டால் நேரம் கடத்தாமல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை சீசனில் மலைப்பாதையை ஒருவழியாக மாற்றுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோவைக்குள் போன பிறகு ஒப்பணக்கார வீதிக்குள் காரை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

காலை டிபன்

இறங்கும் வழியில் வயிற்றைக் காலியாகவும் விடக்கூடாது, நிறைக்கவும் கூடாது. வீட்டிலிருந்து இரண்டு இட்லி, அல்லது ஒரு டீயும் வர்க்கியும். முழு டிபன் கோவையில். 1968-ல் தொடங்கிய ஸ்ரீ அன்னபூர்ணாவுக்கு நகரில் பல கிளைகள் உண்டு. அங்கே தோசை, பூரி எல்லாம் கிடைத்தாலும் நான் சாம்பார் இட்லியைத் தாண்டிப் போவதில்லை. இட்லி சாம்பாரில் மிதக்க வேண்டும், மேலே நெய் ஒரு கரண்டி. கொஞ்சம் இனிப்பு தட்டும் அந்தச் சாம்பார் மதுரைப் பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எங்கள் வீட்டில் அதற்காகவே ஒருவர் கூட வருவார். ரயிலில் வந்தவர்களுக்குச் சந்திப்புக்கு எதிரே கீதா ஹால் சாலையிலும் அதைச் சுற்றியும் டிபன் கடைகள் இருக்கின்றன.

டீ விஷயத்தில் மட்டும் கோவையை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் கை துடிக்கிறது. தேயிலைத் தோட்டத்து நடுவில் பிறந்த கர்வம் அது. உண்மையில் கோவையின் பேக்கரி டீ நன்றாகவே இருக்கும். நம் ஊரில் விளைந்த தூளை அவர்கள் பாலில் கொதிக்கவைத்து நமக்கே விற்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டு முதலில், டவுன்ஹாலில்

கடைகள் 10 மணியளவில் சூடுபிடிக்கும். அந்த முதல் இரண்டு மணி நேரத்தைப் பட்டுக்குக் கொடுங்கள். கண் களைக்காமல் இருக்கும், விற்பனையாளரும் களைக்காமல் இருப்பார். 

டவுன்ஹால் பகுதிதான் பழைய கோவை. தாலி கட்டும் சரடு முதல் பித்தளைக் குத்துவிளக்கு வரை கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். ஒப்பணக்கார வீதியில் போத்தீஸ், சென்னை சில்க்ஸ் போன்ற பெரிய மாடிக் கடைகள். பெரிய கடை வீதியில் சிறு ஜவுளிக் கடைகளும் மற்றப் பொருள்களும். ராஜ வீதி நகைக்கு. ரங்கே கவுடர் வீதி மளிகை மொத்த வியாபாரத்துக்கு. பட்டுக்கு இரண்டு கடை ஏறுங்கள், மூன்றாவது வேண்டாம். மூன்றாவது கடையில் முதல் கடையின் சேலை மறந்துபோகும், மனம் மட்டும் குழம்பும்.

உள்ளே போனதும் “அக்கா, நிச்சயத்துக்கா முகூர்த்தத்துக்கா?” என்பார்கள். நோட்டில் எழுதிய தொகையை அப்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு “காட்டுங்கள், பார்க்கலாம்” என்றால் இரு மடங்கு விலையில்தான் முதல் சேலை விரியும். அதைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு வேறு எதுவும் பிடிக்காது.

இனி மெதுவாகப் பார்க்க வேண்டிய இடம். மூத்தவளுக்கு அரக்கு நிறப் பட்டு எடுத்தேன். கடையின் மஞ்சள் விளக்கில் பழுத்த அரக்கு. குன்னூரில் வீட்டு ஜன்னலோரம், மூட்டம் போட்ட காலையில் விரித்தபோது செங்கல் நிறம். மடிப்பைப் பிரித்தால் முந்தானைக்கு ஒரு சாண் கீழே நூல் இழுத்திருந்தது. மறுநாளே இறங்கினேன். “பில்லில் பாருங்கள் அம்மா, விரித்த சேலையை மாற்றுவதில்லை” என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பில்லின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அது அச்சாகியிருந்தது உண்மைதான். படித்தவள் நான், படிக்காமல் வந்ததும் நான்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். பிடித்த சேலையை விளக்கடியில் முடிவு செய்யாமல், கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போகக் கேட்பேன். பெரிய கடைகளில் ஆள் கூட வருவார், தப்பாக நினைக்க மாட்டார்கள். முந்தானையிலிருந்து கடைசி வரை முழுச் சேலையையும் பிரிக்கச் சொல்வேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல் இழுப்பும் ஓட்டையும் கண்ணில் படும். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்து இருக்கிறதா, உடலின் நிறத்திலா கரையின் நிறத்திலா என்று பார்ப்பேன். நம் குளிருக்கு முழங்கை வரை கை வைத்துத் தைப்பவர்கள் நிறைய. 80 சென்டிமீட்டர்த் துணி அவர்களுக்குச் சில சமயம் போதாது. கரையின் துணியில் கூடுதலாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். கைக்குட்டையின் முனையை நனைத்து உள்பக்க ஓரத்தில் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரியும்.

சில்க் மார்க் முத்திரையைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அது துணி அசல் பட்டு என்பதற்கான உறுதி. ஜரிகைக்கு அது பொறுப்பல்ல. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்கப் பூச்சு கொடுத்தது. இது தவிர பாதி ஜரிகை, டெஸ்டட் ஜரிகை என்று குறைந்த வகைகள் இருக்கின்றன. எல்லாமே புதிதில் ஒன்றுபோல மின்னும். பட்டு எது, ஜரிகை எது என்று தனித்தனியாகக் கேட்டு, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

பெரிய கடை பிடிக்காதவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் கைத்தறி நம்பிக்கையாகக் கிடைக்கும், தீபாவளி சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டன், பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் காட்டன் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. சம்பந்தி வீட்டு மூத்த பெண்களுக்குக் கொடுத்தால் பேர் கெடாது. இன்னொரு வழி, கோவை வரைக்கும் போகாமலே சிறுமுகை. மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் சாலையில் சில கிலோமீட்டர் தான். மென்பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் தறி வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. பட்டு மட்டும்தான் தேவை என்றால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன்.

மதியம்

பட்டுக்கு பில் போட்ட பிறகுதான் சாப்பாடு. பசியோடு சேலை பார்ப்பது கெடுதல் என்பார்கள். வயிறு நிறைந்தபின் பார்ப்பது அதைவிடக் கெடுதல், முதல் சேலையிலேயே தலையாட்டிவிடுவோம்.

டவுன்ஹால் பக்கம் பிரியாணி என்று கேட்டால் கோவைக்காரர் வாயில் வரும் பழைய பெயர் அங்கண்ணன். கொங்கு வகை அசைவச் சாப்பாட்டுக்கு ஹரிபவனத்துக்குப் பல கிளைகள் உண்டு. நாட்டுக்கோழிக் குழம்பும், சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் மட்டுமே தெரியும் பள்ளிபாளையம் கோழி வறுவலும் அங்கே சொல்லலாம். சைவம் என்றால் மறுபடி அன்னபூர்ணா, அல்லது எங்கே இலை போட்டு அளவில்லாச் சாப்பாடு போடுகிறார்களோ அங்கே. எங்காவது அரிசி பருப்பு சாதம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். துவரம் பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் நெய்யும் போட்ட கொங்கு வீட்டுச் சமையல் அது. ஹோட்டல்களில் எல்லா நாளும் கிடைப்பதில்லை.

மாலையில் மலையேறப் போகிறவர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மட்டன் பிரியாணி 1 மணிக்குச் சாப்பிட்டால் சரி. 4 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு 6 மணிக்குக் கல்லாறு வளைவுகளில் ஏறினால் பஸ்ஸில் எல்லோருக்கும் சிரமம்.

மீதியெல்லாம் காந்திபுரத்தில்

பட்டுப் பையைத் தோளில் சுமந்துகொண்டு அலைய முடியாது. பெரிய கடைகளில் வாசலிலேயே டோக்கன் கொடுத்துப் பையை வாங்கி வைப்பார்கள். ஆனால் பட்டையும் நகையையும் அதில் விடாதீர்கள், ஒருவர் உட்கார்ந்து காவல் காக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் கணவருக்கு. அவர் அதை மனதார விரும்பிச் செய்கிறார்.

காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்தை ஒட்டியது கிராஸ்கட் ரோடு. ஆண்களின் சட்டை, சுடிதார், குழந்தைகளின் பட்டுப் பாவாடை, கல்யாண வரவேற்புக்கான புது மோஸ்தர் உடை எல்லாம் வரிசையாக இருக்கும். சீர் கொடுக்கும் இருபது சேலையை ஒரே கடையில் எடுத்தால் மொத்தத்துக்குக் குறைத்துக் கேட்கலாம். விலை எழுதி ஒட்டிய கடையிலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் பனியன் துணிச் சட்டைகள் இந்த வட்டாரத்தில் மலிவு. தையல் நேராக இருக்கிறதா, கழுத்து இழுத்தால் திரும்பிச் சுருங்குகிறதா என்று பார்த்து எடுங்கள். ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலை சற்று அமைதியான இடம், விலையும் அதற்கேற்ப. ப்ரூக்ஃபீல்ட்ஸ், ஃபன் ரிபப்ளிக் போன்ற மால்களுக்குப் பிள்ளைகள் இழுப்பார்கள். ஒரு நாள் பயணத்தில் அதற்கு நேரம் கிடையாது என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

குளிருக்கான துணியைக் கோவையில் தேடவே தேடாதீர்கள். ஸ்வெட்டரும் சால்வையும் தொப்பியும் ஊட்டியின் திபெத்தியச் சந்தையிலேயே கிடைக்கின்றன. படகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உடுத்தும் வெள்ளைத் துணியும் மேலே கிடைப்பதே பொருத்தமாக இருக்கும். கோவைக் கடையில் விவரம் சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது போய்விடும்.

மாலை 4 மணிக்கு மேல் தள்ளுவண்டிகளில் காளான் போடத் தொடங்குவார்கள். காளானும் முட்டைக்கோசும் பொரித்து, மசாலாவில் கிளறி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டில் தருவார்கள். கொங்கு நாட்டுத் தெருத் தின்பண்டம் இது. ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் பகிருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக 1948-ல் கோவையில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் மைசூர்பா. பஸ்ஸின் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டால் உடையாது.

ஏறுவது

4.30-க்கு மேல் கோவையில் நிற்காதீர்கள். கல்லாறு பக்கம் யானை வழித்தடம். கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனையிலும் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் மூட்டமும் சேர்ந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும்.

பைக்கான காரணம் இங்கேதான். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை; சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். ஜவுளிக் கடைகள் கொடுக்கும் துணிபோல் இருக்கும் கைப்பைகளில் பல, நெய்யாத பிளாஸ்டிக் இழைப் பைகள்தான். அவையும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கடையிலேயே துணிப் பைக்கு மாற்றி, சேலைகளைச் சுற்றியிருக்கும் பாலித்தீன் உறையையும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். மலையில் அந்த உறை எப்படியும் ஆகாது. உள்ளே ஈரம் கோத்து ஜரிகை கறுத்துவிடும்.

வீட்டுக்கு வந்த இரவே பெட்டியில் பூட்ட வேண்டாம். மறுநாள் காலை ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, ஜரிகையோடு அந்துருண்டை படாமல் வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், தை பிறந்ததும் நிழலில் உலர்த்துங்கள். பில்லை மட்டும் சேலையோடு சுற்றி வைக்காமல், மாற்றும் கெடு முடியும் தேதியை மேலே பெரிதாக எழுதி, நாள்காட்டி ஆணியில் குத்தி வையுங்கள்.